வெள்ளைப்பூண்டு எண்ணெய்க்கு எத்தனை நாள் கொடுக்கலாம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. குமாரபாளையத்தில் 30 வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிக்கொண்டே வந்தது. வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வியாழக்கிழமை காலை எழுந்ததும் இடது காது மட்டும் முழுசாக அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது, உள்ளே 'கொய்ங்' என்று ஒரே இரைச்சல் என்றார். சித்தி நல்லெண்ணெயில் வெள்ளைப்பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி இரண்டு நாளாக ஊற்றுகிறார். அண்ணனோ காதில் மெழுகுத்திரி வைத்துக் கொளுத்தினால் அடைப்பெல்லாம் வெளியே வந்துவிடும் என்று செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டுகிறான். 'ஒரு வாரம் பார்த்துட்டு அப்புறம் டாக்டர்கிட்டப் போகலாம்' என்கிறார் அப்பா. எத்தனை நாள் பார்க்கலாம் டாக்டர்?

— வாசகி, குமாரபாளையம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு நாள்கூட வேண்டாம். கடிதத்தைப் படித்த கையோடு இதை மட்டும் உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். அச்சில் பதில் வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. நீங்கள் எழுதியிருப்பது பல வீடுகளில் நடப்பதுதான் என்பதால், இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு இருப்பது இரண்டு பிரச்சினைகள். ஒன்று வருஷக்கணக்கில் வந்தது. இன்னொன்று வியாழக்கிழமை வந்தது. வீட்டில் இரண்டையும் சேர்த்து 'அப்பாவுக்குக் காது கேட்கலை' என்று ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். பழைய மந்தத்துக்கு அவசரம் கிடையாது, அடுத்த மாதம்கூடப் பார்த்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை வந்தது அப்படியில்லை.

ஒரே காது, திடீரென்று, கூடவே இரைச்சல். இதைக் கேட்டதும் எந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவருக்கும் முதலில் வருகிற பயம், உள்காது நரம்பில் அடி விழுந்திருக்குமோ என்பதுதான். மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், உள்காதின் கேட்கும் திறன் 30 டெசிபலோ (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) அதற்கு மேலோ இறங்கிவிட்டால் அதைத் திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு என்கிறோம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் பிடிபடுவதில்லை. வைரஸாக இருக்கலாம், உள்காதுக்குப் போகிற ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். அபூர்வமாக, கேட்கும் நரம்பில் வளரும் சிறு கட்டியின் முதல் அறிகுறியாகவும் இது வரும். அதனால்தான் இதில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறோம்.

இதற்கு எங்களிடம் இருக்கும் முக்கிய மருந்து ஸ்டீராய்டு. எல்லோருக்கும் பலன் தரும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தருவதாக இருந்தால் முதல் சில நாட்களில் தர வேண்டும், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள். அதிலும் தேறாவிட்டால் ஆறு வாரம் வரை செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசி போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு என்னால் செய்ய முடிவது அதிகமில்லை. 'ஒரு வாரம் பார்ப்போம்' என்று அப்பா சொல்லும் அந்த வாரம்தான், மருந்து வேலை செய்யக்கூடிய வாரம்.

சரி, வெறும் குறும்பி அடைப்பாகவே இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கலாம். குளித்ததும் குறும்பி தண்ணீரில் ஊறி உப்பி, ஒரே இரவில் காது அடைத்துக்கொள்வது உண்டு. சிக்கல் என்னவென்றால், உள்ளே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். 'பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு டாக்டர்' என்று குறும்பிக்காரரும் சொல்வார், நரம்பு போனவரும் அதையேதான் சொல்வார்.

பிரித்துப் பார்க்க நாங்கள் இசைக்கவை என்கிற ஒரு கவட்டைக் கம்பியைத் தட்டி நெற்றியில் வைப்போம். அதற்குப் பதிலாக வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். அப்பாவை வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீளமாக முனகச் சொல்லுங்கள். அந்தச் சத்தம் எந்தக் காதில் ஓங்கிக் கேட்கிறது என்று கேளுங்கள். அடைத்த காதிலேயே ஓங்கிக் கேட்டால் அடைப்பு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்க வாய்ப்பு அதிகம். இப்போது வேண்டுமானால் உங்கள் ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு முனகிப் பாருங்கள், பொத்திய பக்கம்தான் சத்தமாகக் கேட்கும். நன்றாக இருக்கிற காதுப் பக்கம் சத்தம் ஒதுங்கினால், நரம்பு என்று சந்தேகப்பட வேண்டும். இது ஒரு குறிப்பு மட்டும்தான். இரண்டு காதிலும் ஏற்கனவே மந்தம் உள்ள உங்கள் அப்பா விஷயத்தில் குழப்பலாம். விடை எப்படி வந்தாலும் மருத்துவரிடம் போவதில் மாற்றமில்லை.

இப்போது சித்தி ஊற்றும் எண்ணெய்க்கு வருகிறேன். சித்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அக்கறையில் செய்கிறார். ஆனால் அந்த எண்ணெய் எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பெரியவர்களின் காதுத் துளை சுமார் இரண்டரை செ.மீ. ஆழம். அதன் முடிவில் செவிப்பறை, மூடிய கதவாக நிற்கிறது. ஓட்டையில்லாத செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காது. அதற்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள், அதற்கும் உள்ளே எலும்புக்குள் புதைந்த நத்தைச் சுருள். நாம் கேட்பது அந்தச் சுருளுக்குள் இருக்கும் சுமார் 15,000 மயிரிழை செல்களால். மனிதருக்கு அவை செத்தால் செத்ததுதான், மறுபடி முளைப்பதில்லை. பூண்டுக்குக் கிருமியைக் கொல்லும் குணம் கொஞ்சம் உண்டு என்பது உண்மை. ஆனால் இங்கே கிருமியும் இல்லை, பூண்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேரப்போவதும் இல்லை.

செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நிலைமை வேறு. நம் ஊரில் சின்ன வயதில் காதில் சீழ் வந்து, தானாக நின்று, ஓட்டையோடு காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தங்கள் காதில் ஓட்டை இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்தக் காதில் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் இறங்கும். உறங்கிக்கிடந்த சீழ் மறுபடி கிளம்பும். சிலருக்குக் காதிலிருந்து நாற்றமெடுக்கும் கசிவு வருடக்கணக்கில் இருக்கும், அதில் சில எலும்பையே அரிக்கிற வகை. அரித்துக்கொண்டே போய் முகநரம்பைத் தொட்டால் வாய் கோணும், மூளைப் பக்கம் போனால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காதுக்கும் வீட்டில் எண்ணெய்தான் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் சூடு. 'வெதுவெதுப்பா' என்பது ஆளுக்கு ஆள் மாறும். கரண்டியில் காய்ச்சிய எண்ணெய் கையில் பொறுக்கிற சூடாக இருக்கலாம், காதுத் துளையின் தோல் அவ்வளவு தாங்காது. ஆழத்தில் எலும்பை ஒட்டி, கொழுப்புப் படிவமே இல்லாமல் இருக்கிற மெல்லிய தோல் அது. வெறும் பச்சைப் பூண்டை வைத்துக் கட்டினாலே தோல் வெந்து கொப்புளிக்கும், காதில் பூண்டுப் பல்லைச் செருகிவிட்டுப் படுக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் மருத்துவமனையில் அடிக்கடி பார்ப்பது பூஞ்சை. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் நனைந்த பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு திப்பி, அதன் மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்கிற பூஞ்சை அது. கொரோனா சமயத்தில் எல்லோரும் பயந்த கருப்புப் பூஞ்சை இல்லை, வேறு. ஈரமும் புழுக்கமும் உள்ள நம் ஊரில், எண்ணெயோ தண்ணீரோ தேங்கிய காதில் இது சுகமாக வளரும். அரிப்புத் தாங்காமல் கோழி இறகு, ஊக்கு, வண்டிச் சாவி என்று கையில் கிடைத்ததை விட்டுக் குடைவார்கள். புண்ணாகும். புண்ணுக்கு மறுபடி எண்ணெய்.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். சர்க்கரை உள்ள வயதானவர்களுக்குக் காதுத் துளையில் படும் சின்னப் புண்கூட, சூடோமோனாஸ் என்கிற கிருமி புகுந்து மண்டையோட்டின் அடி எலும்பு வரை பரவும் நோயாக மாறக்கூடும். ராத்திரி தூங்கவிடாத காது வலிதான் அதன் அடையாளம். வாரக்கணக்கில் ஊசி மருந்து போட வேண்டிவரும். அப்பாவுக்கு இப்போது காதில் வலியோ கசிவோ இருந்தால், போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள். இரண்டு நாளாக எண்ணெய் ஊற்றியதையும் மறைக்க வேண்டாம். திட்டு விழும் என்று பயந்து பலர் சொல்வதே இல்லை.

மெழுகுத்திரி விஷயத்தில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. உள்ளே குழாயாக இருக்கும் அந்தத் திரியைக் காதில் செருகிக் கொளுத்தினால் சூட்டில் ஒரு உறிஞ்சல் உண்டாகிக் குறும்பியை இழுத்துவிடும் என்கிறார்கள். 1996-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். உறிஞ்சலும் இல்லை, குறும்பியும் வரவில்லை. மாறாகச் சில காதுகளில் மெழுகு சொட்டி உள்ளே உறைந்திருந்தது. 2010-ல் அந்த நாட்டின் உணவு மருந்து நிர்வாகம், தீக்காயமும் செவிப்பறை ஓட்டையும் வரும் என்று இதற்கு எதிராக எச்சரிக்கை விட்டது. கடைசியில் திரியைப் பிரித்துக் காட்டுவார்களே, பழுப்பாக ஒரு பொடி, அது திரியே எரிந்து விழுந்த மெழுகு. காதே இல்லாமல் ஒரு டம்ளரில் நிறுத்திக் கொளுத்தினாலும் அதே பொடி வரும். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், 'எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு எண்ணெய் ஊத்தித்தான் கேட்டுச்சு' என்று ஒருவர் வருவார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இருந்தது குறும்பி. எண்ணெய் அதை இளக்கியது, இளகியது வெளியே வந்தது, காது கேட்டது. மருத்துவர்களே குறும்பியை இளக்க ஆலிவ் எண்ணெய் போன்றவற்றைச் சொட்டச் சொல்வது உண்டு, காதைப் பார்த்துவிட்டு. இன்னொருவர் தன் பிள்ளைக்கு ஏதோ சாறு ஊற்றிச் சரியானதாகச் சொல்வார். சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து மந்தமாகும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் அது தானாகவே வடிந்துவிடும். எந்தச் சாறு ஊற்றியிருந்தாலும் சரியாகியிருக்கும். அவ்வளவு ஏன், உங்கள் அப்பாவுக்கு வந்ததாக நான் சந்தேகப்படும் திடீர் இழப்பிலேயே, மருந்தே இல்லாமல் ஓரளவு தேறிக்கொள்கிறவர்கள் கணிசமாக உண்டு. அந்த வாரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பேர் போய்விடும். தேறாதவர் யாரும் வீடியோ போடுவதில்லை.

நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்குப் பகை என்று நினைத்துவிட வேண்டாம். முறையாகப் படித்த சித்த மருத்துவர் யாரும் காதுக்குள் பார்க்காமல், வலியா சீழா மந்தமா என்று விசாரிக்காமல் தைலம் ஊற்றச் சொல்ல மாட்டார். செல்போனில் வருகிற வைத்தியம் யார் காதையும் பார்ப்பதில்லை. என் வருத்தம் அங்கேதான்.

நாள் கடத்துவதால் பெரியவர்களைவிட அதிகமாக இழப்பவர்கள் குழந்தைகள். இதைக் கேட்காமலே சொல்கிறேன், படிக்கிற யாருக்காவது உதவும். இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால் நாக்கில் வசம்பு தேய்ப்பது, 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று சமாதானம் சொல்வது, இது இன்றும் நடக்கிறது. பேச்சு வராததற்கு முதலில் பார்க்க வேண்டியது நாக்கை இல்லை, காதை. பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் கேட்கும் திறனைச் சோதித்து, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் கருவி முதலான உதவியைத் தொடங்க வேண்டும். உள்காதில் கருவி பொருத்துகிற காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைக்குத் தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலேயே வழி இருக்கிறது, சின்ன வயதிலேயே கொண்டுவந்தால். மூளை பேச்சைக் கற்கும் காலம் கடந்த பிறகு வந்தால் அதே அறுவையில் பாதிப் பலன்கூடக் கிடைப்பது கஷ்டம். குளிப்பாட்டும்போது பச்சைக் குழந்தையின் காதில் எண்ணெய் விடுவதையும் வாயால் ஊதுவதையும் பாட்டிமார்கள் தயவுசெய்து விட்டுவிட வேண்டும்.

இனி அப்பாவின் பழைய மந்தம். கதவைச் சாத்திய தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானாலே காதோரம் போய்க் கத்த வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தில் 30 வருஷம் நின்றவருக்கு, உள்காதில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை வாங்கும் செல்கள்தான் முதலில் போகும். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்தால், 4,000 ஹெர்ட்ஸ் என்கிற உயர்ந்த ஒலியின் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருக்கும். அதனால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. தட்டு, கட்டு, பட்டு மூன்றும் அவருக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். ஆண் குரலைவிட உங்கள் குரலும் பேரப் பிள்ளைகளின் குரலும்தான் அவருக்குச் சிரமம். மெதுவாகப் பேசினால் 'என்ன?' என்பார், கத்தினால் 'எதுக்குக் கத்தறே?' என்று கோபித்துக்கொள்வார். வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டில் சண்டைகூட வந்திருக்கும். அவர் மேல் தப்பில்லை, சேதமான உள்காது அப்படித்தான் நடந்துகொள்ளும். கத்துவதைவிட, முகம் பார்த்து, டி.வி.யை அணைத்துவிட்டு, நிதானமாகப் பேசுங்கள்.

இந்த மந்தத்தைக் குணப்படுத்த எண்ணெயும் இல்லை, மாத்திரையும் இல்லை. என்னிடமும் இல்லை. காதொலிக் கருவிதான் வழி. அதிலும் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கிற 'காது மெஷின்' வாங்கி மாட்டிவிடாதீர்கள். அது கேட்கிற சத்தத்தையும் கேட்காத சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும், மிக்சி ஓடினால் அப்பா பிடுங்கி எறிந்துவிடுவார். அப்புறம் நல்ல கருவியைக் கொடுத்தாலும் போட மாட்டார். எந்த அலைவரிசையில் எவ்வளவு குறைகிறதோ அங்கே அவ்வளவு மட்டும் தூக்கிக் கொடுக்கும்படி ஆடியோகிராமைப் பார்த்து அமைத்துத் தருவதுதான் கருவி. பழகச் சில வாரம் பிடிக்கும். வசதி குறைந்தவர்களுக்கு, குறைபாட்டின் அளவைப் பொறுத்து, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. வருஷக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். கேட்காத மனிதர் மெல்ல மெல்லப் பேச்சுவார்த்தையிலிருந்து ஒதுங்கிவிடுகிறார். நடுவயதில் கவனிக்காமல் விட்ட செவிக்குறை பின்னாளில் மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்று என்று 2020-ல் லான்செட் என்கிற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் அறிக்கை பட்டியலிட்டது.

நாளை காலை செய்ய வேண்டியது இவ்வளவுதான். எண்ணெயை நிறுத்துங்கள், பட்ஸும் வேண்டாம், காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் யாரும் இல்லையென்றால் சேலத்திலோ பெருந்துறையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சீட்டு போடும்போதே 'ஒரு காது திடீர்னு கேட்கலை, இத்தனை நாளாச்சு' என்று சொல்லுங்கள். வெறும் 'காது அடைப்பு' என்று எழுதினால் கடைசியில் கூப்பிடுவார்கள். அங்கே காதைப் பார்த்துக் குறும்பி இருந்தால் எடுப்பார்கள், எடுத்த பிறகும் கேட்கவில்லை என்றால் அன்றைக்கே ஆடியோகிராம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தலைசுற்றலோ, முகம் கோணுவதோ, கை கால் தளர்ச்சியோ சேர்ந்து வந்தால் காலை வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்கே கொண்டுபோங்கள்.

ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும். அதனால் அப்பா சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அதைப் பார்த்து, மாத்திரையாகத் தருவதா, சர்க்கரையை அதிகம் பாதிக்காமல் காதுக்குள்ளேயே ஊசியாகப் போடுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். மருந்துக் கடையில் கேட்டு நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆடியோகிராம் எடுத்ததும் அதன் நகல் ஒன்றை எனக்கு அனுப்பிவையுங்கள். வலது காதுக்கு எந்த மாதிரிக் கருவி பொருந்தும் என்பதை அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.